பெனேயின் ‘சலோமே’: கேள்வி பதில்

கேள்வி: சார், 1972இல் வந்த இத்தாலிய இயக்குநர் கார்மெலோ பெனேயின் ‘சலோமே’ படத்தை இருபது நிமிடம்கூடப் பார்க்க முடியவில்லை. தலைவலிதான் மிச்சம். தப்பு என் மேலா?

பதில்: இல்லை. படம் சுமார் 80 நிமிடம், அதற்குள் நாலாயிரத்துக்கும் மேல் ஷாட்கள். கணக்குப் போட்டால் நொடிக்கு ஒன்று விழுகிறது. ஒரு முகம் கண்ணில் பதிவதற்குள் ஓடிவிடும். முதல் தடவை நானே பாதியில் காபி போட எழுந்துவிட்டேன். அடுத்த முறை கதையைத் துரத்தாதீர்கள், குரல்களைக் கேளுங்கள். பெனே அடிப்படையில் மேடைக்காரர்.

கேள்வி: அண்ணா, சர்ச்சில் கேட்ட கதை மாதிரியே இல்லையே?

பதில்: இருக்காது. பைபிளில் மத்தேயு 14, மாற்கு 6 இரண்டிலும் சலோமே ‘ஏரோதியாளின் மகள்’ மட்டும்தான், பெயரே கிடையாது. சலோமே என்ற பெயரை யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதியதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். சுவிசேஷத்தில் ஏரோது ராஜா முன் ஆடிவிட்டு, அம்மா சொல்லிக்கொடுத்துத்தான் தீர்க்கதரிசி யோவான் ஸ்நானகனின் தலையைத் தட்டில் கேட்கிறாள். அவளுக்கே யோவான் மேல் மோகம் என்பது ஆஸ்கார் வைல்டு பிரெஞ்சில் எழுதிய நாடகத்தில் வருவது. பெனே எடுத்துக்கொண்டது அந்த நாடகத்தை. அதையும் கிழித்துப் போட்டுத்தான் ஒட்டியிருக்கிறார்.

கேள்வி: மொட்டைத் தலையோடு வரும் சலோமே யார்?

பதில்: டோன்யேல் லூனா, அமெரிக்க மாடல். 1966இல் பிரிட்டிஷ் வோக் ஃபேஷன் இதழின் அட்டையில் வந்த முதல் கறுப்பினப் பெண்.

கேள்வி: இயேசு தன்னைத்தானே சிலுவையில் அறைந்துகொள்கிறாரே, கேலிதானே? எனக்குச் சங்கடமாக இருந்தது.

பதில்: கேலி இருக்கிறது, மறுக்கமாட்டேன். ஆனால் கால்களை அறையலாம், ஒரு கையை அறையலாம், கடைசிக் கைக்கு ஆணி அடிக்க யார் இருக்கிறார்கள்? எனக்கு அங்கே சிரிப்பு வரவில்லை. துணைக்கு ஓர் ஆள் இல்லாத தனிமைதான் தெரிந்தது. சங்கடம் உங்களுக்கு நியாயமானதே.

கேள்வி: பெயர் சலோமே, ஆனால் பேசுவதெல்லாம் ஏரோதுதானே?

பதில்: சரியாகப் பிடித்தீர்கள். ஏரோதாக நடிப்பது பெனேயேதான். ஆடச் சொல்லிக் கெஞ்சுகிற ராஜா, பேச்சை நிறுத்தத் தெரியாத ராஜா. வைல்டின் நாடகம், அந்தப் பெண்ணைக் கொல்லும்படி ஏரோது கட்டளையிடுவதில் முடியும். இங்கே சலோமே அவன் முகத்தின் தோலை உரிக்கிறாள். அப்போதும் அவன் பேசிக்கொண்டேதான் இருக்கிறான்.