சரக்கு நிறுவனத்தில் டேட்டா குழுவை எப்படி வழிநடத்துவது?

'மதுரை அருகே கப்பலூரில் நான்கு பேர் கொண்ட டேட்டா குழுவுக்குப் பொறுப்பேற்றிருக்கிறேன், எதில் தொடங்குவது?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

டாஷ்போர்டில் (எண்களை வரைபடமாகக் காட்டும் திரை) தொடங்க வேண்டாம். முதல் வாரம் நால்வரையும் கிடங்குக்கு அனுப்புங்கள். எக்செலில் 'லாரி கிளம்பிய நேரம்' என்பது எது? லோடு ஏற்றி முடித்ததா, இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்ல ஆன்லைனில் போடும் ஜிஎஸ்டி ஆவணம்) போட்டதா, கேட்டைத் தாண்டியதா? ஆளுக்கொன்று சொல்வார்கள். நாங்கள் இது தெரியாமல், தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் வண்டிகள் தாமதமானதற்கு மூன்று மாதம் டிரைவர்களைக் குறை சொன்னோம். நேரம் போனது பில்லுக்குக் காத்திருந்ததில். இன்னும் மனசு உறுத்துகிறது.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே அர்த்தம் எழுதி வையுங்கள். அப்புறம், சரக்கு சொன்ன நேரத்தில் முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் அளந்தால் போதும். சாதாரண லோடுக்கு இ-வே பில் 200 கி.மீ.க்கு ஒரு நாள் கணக்கில்தான் செல்லுபடியாகும். அதனால் பில்லின் காலாவதி நேரத்தையும் டேட்டாவில் சேர்த்துக்கொள்ளுங்கள். டாஷ்போர்டு செய்யும் மென்பொருள் பவர் பிஐயா டேப்ளோவா என்பதைப் பிறகு பார்க்கலாம்.