இலவசமாகப் பேசலாம் தங்கச்சி, ரீலோட் யார் போடுவது?

மலையகத்துப் பொகவந்தலாவையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள். அடுத்த மாதம் துபாய்க்கு ஹோட்டல் வேலைக்குப் போகிறாளாம். வீட்டோடு காசில்லாமல் பேச எந்த ஆப் நல்லது, வாட்ஸ்அப்பா, வைபரா, இமோவா? ரூம் எப்படி இருக்கும்? சுவெட்டர் கொண்டு போக வேண்டுமா?

சுவெட்டர் ஒன்று எடுத்துக்கொள். வெயில் ஊர்தான், ஆனால் ஹோட்டல் ஏசியில் நுவரெலியா தோற்றுப்போகும். ரூம் பெரும்பாலும் கம்பெனியே தரும், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார். நானும் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், துபாய் வந்து 20 வருஷம் தாண்டிவிட்டது. அந்த உரிமையில் நீ என்றே எழுதுகிறேன். போன் விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதிகம் அழுதது அதற்காகத்தான்.

ஊரில் எல்லாரும் வாட்ஸ்அப்பில் கோல் எடுக்கிறார்களே, அது எமிரேட்ஸில் எடுபடாது. எழுதி அனுப்பலாம், படம் அனுப்பலாம், குரலைப் பதிந்து அனுப்பலாம். கோல் மட்டும் கிடையாது. மணி அடித்தாலும் குரல் வராது. ஐபோன்காரர்களின் ஃபேஸ்டைமுக்கும் அதே கதிதான். அரசாங்கம் அனுமதித்த ஆப்களில்தான் பேச வேண்டும். நம் ஆட்கள் பெரும்பாலும் வைத்திருப்பது பொட்டிம். நான் முதலில் போட்டபோது அதற்கு டெலிபோன் கம்பெனியிடம் தனியாக மாதப் பேக்கேஜ் போட வேண்டியிருந்தது, 50 திர்ஹம். சவூதியில் இருக்கிற சித்தி ஒன்று சொல்வார், குவைத்தில் இருக்கிற மாமி இன்னொன்று சொல்வார். அது அவர்கள் இருக்கும் நாட்டுக் கதை. நீ வந்து இறங்கும் நாட்டுச் சட்டத்தைப் பார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வந்த முதல் வாரமே யாராவது ஓர் அண்ணன் வந்து, "வி.பி.என் போட்டுத் தாரேன், ஒன்னும் ஆகாது" என்பான். வேண்டாம். வி.பி.என் என்றால் போன் வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும் ஆப். கம்பெனிகள் தங்கள் வேலைக்கு வி.பி.என் வைத்திருக்கின்றன, அதில் தப்பில்லை. தடுத்து வைத்ததைக் குறுக்கு வழியில் திறக்க அதைப் பயன்படுத்தி மாட்டிக்கொண்டால் அபராதம் 5 லட்சம் திர்ஹமிலிருந்து 20 லட்சம் வரை போகலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பத்துப் பேர் போட்டிருக்கிறார்கள், யாரும் பிடிபடவில்லை என்பார்கள். பத்துப் பேரின் தைரியத்தில் உன் விசாவைப் பணயம் வைக்காதே. அதிலும் இந்த ஓசி வி.பி.என் ஆப்கள் போனில் என்னென்னவற்றைத் தோண்டுகின்றன என்று யாருக்குத் தெரியும்?

இப்படி ஆலோசனை சொல்கிறவர்களைப் பற்றி எனக்கு நிறையக் கோபம் இருக்கிறது. ஊர் எது என்று கேட்டால் "நுவரெலியா டவுன்" என்பார்கள். டவுனில் எந்த இடம் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தேன் என்று சொன்னால் வாயில் முத்தா உதிரும்? நான் அதைச் சொல்லித்தான் வேலை செய்தேன். ஹிந்தி, மலையாளம், கொஞ்சம் அரபு, பிலிப்பைன்ஸ் பெண்களோடு சண்டை போடும் அளவுக்கு அவர்கள் பாஷை எல்லாம் பேசுவேன். இன்றைக்கு எனக்குக் கீழே 14 பேர். சரி, அது வேறு கதை.

நான் 2005இல் வந்தபோது வீட்டு வேலைதான். வந்து சேர்ந்தேன் என்று எழுதிய கடிதம் அம்மா கைக்குப் போக ஒன்றரை மாதம். லயத்துக் காம்பராவுக்கு ஏது தபால்காரர்? தோட்டத்து ஆபீசுக்குத்தான் எல்லாக் கடிதமும் வரும். அங்கே யாராவது எடுத்துப் பெரட்டில், காலையில் வேலை பிரிக்கும் இடத்தில், கொடுத்தால் உண்டு. என் கடிதம் எந்த மேசையில் தூங்கியதோ. அதற்குள் அம்மா மாரியம்மன் கோயிலில் இரண்டு தரம் நேர்ந்துவிட்டார்.

அப்புறம் காலிங் காட் வாங்கப் பழகினேன். சுரண்டி நம்பரை அடித்தால் ஒரு பொம்பளைக் குரல் இத்தனை நிமிடம் என்று சொல்லும், அதில் பாதிக்கூட வராது. அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி டவுனுக்கு இறங்கி, கொமினிகேஷன் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். 10 மணிக்கு நான் எடுப்பேன். வந்த கோலுக்கும் கடைக்காரர் காசு வாங்குவார். 2006 சித்திரை வருஷப் பிறப்புக்கு அடுத்த நாள் இலங்கையில் மணிக்கூட்டை அரை மணி நேரம் பின்னால் வைத்தார்கள். எனக்கு யார் சொல்வது? பழைய கணக்கில் துபாய் நேரம் 8 மணிக்கு எடுத்தேன். ஊரில் அப்போது 9.30, அம்மா இன்னும் பஸ்ஸில். கடைக்காரர், "இங்க யாரும் வரல்லியே" என்றார். மூன்று தரம் எடுத்தேன், காட் முடிந்தது. பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அம்மா கடையில் 12 மணி வரை இருந்தாராம். ஊருக்கும் துபாய்க்கும் இப்போது ஒன்றரை மணி நேர வித்தியாசம், எழுதி வைத்துக்கொள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எந்த ஆப் நல்லது என்று நீ உன் போனைப் பார்த்துக் கேட்கிறாய். நீ பேசப்போவது அம்மாவோடு. அவர் போன் என்ன போன்? அதில் இடம் இருக்கிறதா? ரீலோட் காசு யார் போடுகிறார்கள்? இங்கே ஹோட்டல் வைஃபையில் உனக்கு இலவசம். அங்கே நீ அரை மணி நேரம் வீடியோவில் முகம் காட்டினால் அம்மாவின் டேட்டா காட் அத்தோடு சரி. குரலில் மட்டும் பேசினால் அதில் ஒரு சின்னப் பங்குதான் செலவு. எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், ஒரே ஓர் ஆணியடியில். அதில் பழைய மைலோ டின்னைக் கட்டித் தொங்கவிட்டு போனை அதற்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மூன்று அடி தள்ளி உள்ளே எடுத்துப் போனால் கோல் கட். வீடியோ என்றால் அம்மாவின் நெற்றியும் தகரக் கூரையும்தான் எனக்குத் தெரியும்.

அதனால் வாய்ஸ் நோட்டைப் பழக்கு. இங்கே தடையில்லை, டேட்டா சொற்பம், அம்மாவுக்கு எழுத்துக் கூட்ட வேண்டியதில்லை. மலையில் கொழுந்து எடுக்கும்போது வந்தாலும் சாயந்திரம் வந்து கேட்கலாம், நாலு தரம் கேட்கலாம். எங்கம்மா அனுப்பிய முதல் வாய்ஸ் நோட் 42 செக்கன். "ஹலோ... ஹலோ... கேக்குதா?" என்று சொல்லிவிட்டு, பதில் வரும் என்று பேசாமல் காத்திருக்கிறார். பின்னால் சேவல் கூவுகிறது, தகரத்தில் மழை. கடைசியில், "இவ பேச மாட்டேங்குறா" என்று யாரிடமோ முறையிடுகிறார். அதை மூன்று போன் மாற்றியும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஊரோடு பேச வைபர், இமோ இரண்டையும் நம்பி இருக்க வேண்டாம், ஆனால் இரண்டாவது வழி ஒன்று வீட்டார் போனில் இருக்கட்டும். ஸ்கைப் என்று யாராவது சொன்னால் சிரித்துவிடு, 2025 மேயில் அதை மூடியே விட்டார்கள். ஊரிலும் ஆப்கள் திடீரென்று நிற்பதுண்டு. 2018 மார்ச்சில் கண்டி திகன கலவரத்தின்போது வாட்ஸ்அப், வைபர், ஃபேஸ்புக் எல்லாவற்றையும் இலங்கை அரசாங்கம் நிறுத்தியது. ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும் நிறுத்தியது. 2022 ஏப்ரலிலும் ஒரு நாள் வேலை செய்யவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலில் மலை சரிந்தபோது எந்த ஆப்பும் உதவவில்லை, கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அந்த மூன்று நாள் நான் சாப்பிட்டது நினைவில்லை. கடைசியில் டவுனில் இருக்கும் பெரியப்பா மகனின் சாதாரண நம்பருக்குக் காசு கொடுத்து எடுத்துத்தான் அம்மா பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறார் என்று அறிந்தேன். ஆகவே நாலு பேர் நம்பரை ஒரு கடதாசியில் எழுதிப் பாஸ்போட்டுக்குள் வை. போன் தொலைந்தால் போனுக்குள் இருக்கும் நம்பரால் என்ன பயன்?

ஊர் சிம்மையும் தூக்கிப் போடாதே. உன் வாட்ஸ்அப்பும் வங்கியும் அந்த நம்பரில் இருக்கும். ரீலோட் போடாமல் விட்டால் நம்பர் ஒரு நாள் வேறு ஆளுக்குப் போகும்.

கடைசியாக அந்த 6 இலக்கம். போனுக்கு வரும் வெரிஃபிகேஷன் கோடை யார் கேட்டாலும் சொல்லாதே, "தங்கச்சி, தவறுதலாக உன் நம்பருக்கு வந்துவிட்டது" என்று தெரிந்தவர் பெயரிலேயே கேட்பார்கள். என்னோடு ரூமில் இருந்த பதுளைப் பிள்ளை கொடுத்தாள். அடுத்த ஒரு மணி நேரத்தில் அவள் பெயரில் அவள் அப்பாவுக்கு, ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், 40,000 ரூபா போடுங்கள் என்று மெசேஜ். மனுஷன் காதுத் தோட்டை அடகு வைத்துப் போட்டுவிட்டார். வாட்ஸ்அப் செட்டிங்கில் இரண்டாவது பின் நம்பர் வைக்கும் வசதி இருக்கிறது, விமானம் ஏறும் முன்பே வை. அம்மாவிடமும் சொல்லிவிட்டு வா: காசு கேட்டு எழுத்தில் மெசேஜ் வந்தால் நம்பக்கூடாது, என் குரல் கேட்டால்தான்.

காலிங் காட் காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு கணக்கு இருந்தது. ஒரு ரிங் விட்டு வைத்தால் எல்லாரும் சுகம், இரண்டு என்றால் காசு வந்துவிட்டது, மூன்று என்றால் உடனே எடு. அம்மா அதை இன்னும் விடவில்லை. இப்போது வாட்ஸ்அப்பிலேயே செய்கிறார். பேச்சு வராவிட்டாலும் மணி வருகிறதே, அவருக்கு அது போதும். இன்று விடியற்காலை 4.40க்கு ஒரு ரிங். ஊரில் 6.10, தேத்தண்ணி வைத்திருப்பார். திருப்பி எடுத்தால், "ஏன்டி காச கரியாக்குற?" என்று ஏசுவார் என்பதால் நான் எடுக்கவில்லை.