பிரெஞ்சில் உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்வீர்களா?

அடுத்த மாதம் டெல்ஃப் ஏ1 (பிரெஞ்சு மொழியின் தொடக்கநிலைத்) தேர்வு, சுய அறிமுகத்தைப் பத்து நாளாக மனப்பாடம் செய்தும் பாதியில் நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பத்தியை முதலில் ஓரமாக வையுங்கள். பேச்சுத் தேர்வின் முதல் பகுதி சுமார் ஒரு நிமிடம்தான். தேர்வாளர் கேட்கக் கேட்க நீங்கள் பதில் சொல்ல வேண்டும். ஒப்பிக்க இடமே இல்லை. முன்னதாகத் தரும் 10 நிமிடத் தயாரிப்பு நேரமும் அடுத்த இரண்டு பகுதிகளுக்குத்தான்.

உள்ளே போனதும் 'போன்ஜூர் மதாம்' அல்லது 'போன்ஜூர் முஸ்யே'. அவரை 'வூ', அதாவது 'நீங்கள்' என்றே பேசுங்கள். 'து' நம் 'நீ' மாதிரி. பெயருக்கு 'ஜ மாப்பெல்', ஊருக்கு 'ஜாபித் ஆ மதுரை'. வயதில்தான் நம் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். பிரெஞ்சில் வயதாக 'இருப்பதில்லை', வயதை 'வைத்திருக்கிறோம்'. அதனால் 'ஜ ஸ்வி' வராது, 'ஜே' வரும். இருபது 'வேன்', ஆண்டுகள் 'ஆன்'. சேர்த்தால் நடுவில் ஒரு 'த்' முளைத்து 'வேன்த்தான்' ஆகும். புணர்ச்சி விதி படித்த நமக்கு இது புதிதா என்ன!

மாணவி என்பதற்கு 'ஜ ஸ்வி எத்யுதியான்த்'. கடைசி 'த்' விழுங்கப்பட்டால் மாணவன் ஆகிவிடுவீர்கள். ஆங்கிலத்தில் 'எ ஸ்டூடன்ட்' என்று சொல்லும் பழக்கத்தில் நடுவே 'யூன்' (ஒரு) சேர்க்க வேண்டாம்.

சரி, பலரும் பயிற்சி செய்யாமல் போவது பெயரை எழுத்துக்கூட்டுவதை. நம் பெயர் அவர்களுக்குப் புதிது, கேட்கத்தான் செய்வார்கள். ஆங்கில ஜி அங்கே 'ஜே', ஆங்கில ஜே அங்கே 'ஜி'. ஆங்கில ஐ 'ஈ' ஆகும். கீதாவும் ஜீவாவும் இங்கேதான் மாட்டுவார்கள். யாழினி என்றால் 'ஈ கிரெக், ஆ, ஸெத், ஆஷ், ஈ, என், ஈ'. ழகரத்துக்காக நாம் போடும் அந்த இரண்டு எழுத்துகளைப் பார்த்துத் தேர்வாளர் எப்படி உச்சரிப்பாரோ, அது அவர் பாடு. உங்கள் பெயரையும் ஊர்ப் பெயரையும் தினமும் பத்து தடவை இப்படிச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் யாரையாவது குறுக்கே குறுக்கே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டாலும், கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்துக் கலைத்துக் கேட்கச் சொல்லலாம்.

கேள்வி புரியவில்லையா? விழிக்காதீர்கள். 'வூ பூவே ரேப்பேத்தே, ஸில் வூ ப்லே?' என்று கேளுங்கள். மறுபடி சொல்வார்கள்.