கண்காணிப்பாளர் ஏன் வீடு தேடி வருகிறார்?

கேள்வி: அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் வாழும் என் மகளின் வீட்டுக்குப் புதிய பள்ளிக் கண்காணிப்பாளர் (அவ்வட்டாரப் பள்ளிகளை நிர்வகிக்கும் தலைமை அதிகாரி) தாமே வந்து அறிமுகம் செய்துகொண்டாராம். நம்மூர் அதிகாரிகள் அப்படி வருவதில்லையே, ஏன்?

பதில்: நம்மூர்க் கல்வி அலுவலர் அரசாணையால் மாற்றலாகி வருபவர். அங்கோ, பெரும்பாலான இடங்களில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பள்ளி வாரியமே கண்காணிப்பாளரை ஒப்பந்தத்தில் நியமிக்கிறது. பள்ளிச் செலவில் கணிசமான பங்கு அவ்வூரார் கட்டும் சொத்து வரியிலிருந்து வருவதால், புதுக் கட்டடம் எழுப்பவும் பல ஊர்களில் அவர்களிடமே வாக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆகவே பழகுவது பண்பு மட்டுமன்று, பிழைப்பும்கூட. (இதைக் குறையாகச் சொல்லவில்லை.)

கணக்குப் பாராமல் பழகியவர்களும் உண்டு. கென்டக்கி மாநிலத்தின் ரோவன் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பகுதி) கண்காணிப்பாளராக இருந்த கோரா வில்சன் ஸ்டூவர்ட், எழுதப்படிக்கத் தெரியாத பெரியவர்கள் தம்மிடம் கடிதங்களை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டதைக் கண்டு, 1911-இல் ‘நிலவொளிப் பள்ளிகளை’த் தொடங்கினார். மலைப்பாதையில் நடந்துவர நிலா வெளிச்சம் உள்ள இரவுகளில் வகுப்பு, அதனால் அப்பெயர். ஆசிரியர்கள் முன்னதாகவே வீடு வீடாகச் சென்று அழைத்திருந்தார்கள். சுமார் 150 பேரை எதிர்பார்த்த முதல் இரவில் ஏறத்தாழ 1,200 பேர் வந்தனர். அவர்களுக்குக் குழந்தைகளின் அரிச்சுவடியைக் கொடுத்துக் கூச வைக்காமல், ஊர்ச் செய்திகள் அடங்கிய சிறு செய்தித்தாளையே அவர் பாடநூலாக்கினார்.