மாமனாரின் மான் வேட்டைக்கு எந்த இடம்?

கேள்வி: என் கணவர் அமெரிக்கர். மூட்டுவலியால் அவதிப்படும் 76 வயது மாமனார், வேட்டைப் பருவத்தில் மகனோடு மான் வேட்டைக்குப் போக ஆசைப்படுகிறார். கொலராடோ மலைகளுக்கு அழைத்துச் செல்லலாம் என்கிறார் கணவர். அது சரிவருமா?
– வாசகி, ஹூஸ்டன்

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. கொலராடோவில் மான் வேட்டை உரிமம் பெரும்பாலும் குலுக்கல் முறையில்தான் கிடைக்கும். கிடைத்தாலும், உயரமான மலைச்சரிவுகளில் மூச்சு வாங்க நடந்து, சுட்ட மானை வண்டிவரை இழுத்துவருவது எழுபதைக் கடந்தவருக்கு ஏற்றதல்ல.

உங்கள் டெக்சாஸ் மாநிலத்திலேயே லானோ வட்டாரம் வெள்ளைவால் மான்களுக்குப் பெயர்பெற்றது. அங்கு நிலம் பெரும்பாலும் தனியார் வசம் இருப்பதால் பண்ணையாருக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். ஆனால் பல பண்ணைகளில், ஒளிந்து அமர்ந்து மானுக்காகக் காத்திருக்கும் மறைவுக்குடிலின் வாசல்வரை வண்டி போகும். முன்பதிவுக்கு முன் குடில் தரையில் உள்ளதா, கோபுரத்தின்மேல் உள்ளதா என்று கேளுங்கள். கோபுரமென்றால் கைப்பிடியுள்ள படிக்கட்டு இருக்க வேண்டும். விடியுமுன் இருட்டில், கையுறையோடு செங்குத்தான ஏணியில் ஏறுவது இளைஞருக்கே ஆபத்து. முதுகு சாயும் நாற்காலி, துப்பாக்கியைத் தாங்கும் சன்னல் விளிம்பு, அருகில் கழிப்பறை ஆகியவற்றையும் கூச்சமின்றி விசாரியுங்கள். (மாமனார் தாமாகக் கேட்கமாட்டார்!)

துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் அங்கு நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்குகிறது. இருவருக்கும் உரிமம் தேவை. 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவராயின், உங்கள் கணவர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும்.