கேள்வி – பதில்: கடற்படையும் நம் கரையும்

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி ஐ.என்.எஸ். பருந்து தளத்தில் கப்பல் ஒன்றுகூட இல்லை. பிறகு அத்தனை பேருக்கும் அங்கே என்ன வேலை?
– வாசகர், இருமேனி

பருந்து, கடற்படையின் விமானத் தளம். 2012-ல் ஆளில்லா விமானப் பிரிவு ஒன்றும் இங்கே தொடங்கப்பட்டது. ஆனால் நிர்வாகம் முழுக்கக் கப்பல் முறைதான்: கட்டளை அதிகாரி ஒருவர், அவருக்குக் கீழே பொறியியல், மின்பிரிவு, லாஜிஸ்டிக்ஸ், மருத்துவம் என்று துறைகள். ஹெரான் போன்ற ஆளில்லா விமானம் ஒரு நாளுக்கு மேல்கூட வானில் நிற்கும். அதை இயக்குபவரும் கேமராவைக் கவனிப்பவரும் தரையில் உட்கார்ந்திருப்பதால், சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். ரன்வே, வானிலை, தீயணைப்பு, ரேடியோ ஆட்கள் தனி.

நம் கரையில் பெரிய தலைவலி உப்புக்காற்று. கடல்மேல் தாழப் பறந்து திரும்பும் ஹெலிகாப்டரை நன்னீரால் கழுவியே ஆக வேண்டும். எஞ்சினுக்குள் இருக்கும் கம்ப்ரஸர் தகடுகளில் உப்புப் படிந்தால் காற்று குறையும். சூடு ஏறும், எஞ்சினின் சக்தி குறையும். அதைக் கழுவக் கனிமம் நீக்கிய தண்ணீர்தான் வேண்டும். நம்மூர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் அதுவே படிமமாகிவிடும்.

எரிபொருள் டேங்க் இரவில் உள்ளுக்குள் வியர்க்கும். அந்த நீர் அடியில் தங்கும். அதனால் பறப்பதற்கு முன் டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கலங்கலாகவோ அடியில் நீர்முத்து திரண்டோ இருந்தால் தெளியும்வரை வடிக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்கிற மாலுமியை விமானிக்கு இணையாகவே மதிக்க வேண்டும்.

வடகடலில் பெரிய போர்க்கப்பலைப் பார்ப்பதே இல்லையே, ஏன்?
– வாசகர், தங்கச்சிமடம்

ஆழம் போதாது. வடகடல் என்று நாம் சொல்லும் பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்குள்தான். ஆதாம் பாலத் திட்டுகள் பக்கம் சில மீட்டரே. பெரிய நாசகாரிக் கப்பல் நீருக்குள் 6 மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கும். ஆழம் குறைந்த இடத்தில் வேகம் கூட்டினால் கப்பல் இன்னும் கீழே உட்காரும். எஞ்சினைக் குளிர்விக்க அடிப்பக்கம் கடல்நீர் இழுக்கும் வாய்களில் சேறும் மணலும் ஏறும். அதனால்தான் மண்டபத்தில் கோஸ்ட் கார்டு ஹோவர்கிராஃப்டை வைத்திருக்கிறது. காற்று மெத்தைமேல் போவதால் திட்டு அதற்குத் தடையில்லை.

தம்பி பத்தாவது முடித்திருக்கிறான். கடற்படையில் சேர முடியுமா?
– வாசகி, ஏர்வாடி

முடியும். அக்னிவீர் எம்.ஆர். (மெட்ரிக் ரெக்ரூட்) பிரிவுக்குப் பத்தாவது போதும். எஸ்.எஸ்.ஆர். (சீனியர் செகண்டரி ரெக்ரூட்) பிரிவுக்குப் பன்னிரண்டாவதில் கணிதமும் இயற்பியலும் வேண்டும். விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். பயிற்சி ஒடிசாவில் உள்ள சில்கா தளத்தில். பணி 4 ஆண்டு. அதன்பின் 25 சதவீதம் பேர்வரைதான் நிரந்தரமாவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

நடுக்கடலில் படகு பழுதானால் யாரைக் கூப்பிடுவது? நேவியா, கோஸ்ட் கார்டா, மரைன் போலீஸா?
– வாசகர், தொண்டி

கடலில் தேடி மீட்கும் பொறுப்பு கோஸ்ட் கார்டுக்கு, எண் 1554. மரைன் போலீஸ் எண் 1093. மும்பைத் தாக்குதலுக்குப் பின், 2009-ல், கடல் பாதுகாப்பின் ஒட்டுமொத்தப் பொறுப்பு கடற்படைக்கு வந்தது. ஆனாலும் எஞ்சின் நின்ற விசைப்படகு முதலில் அழைக்க வேண்டியது 1554-ஐத்தான்.

கரை தள்ளிப் போனால் செல்போன் சிக்னல் கிடைக்காது, வி.எச்.எஃப். ரேடியோ செட்டில் 16-ஆம் சேனலுக்குப் போங்கள். படகு மூழ்குகிறது, உயிருக்கு ஆபத்து என்றால் ‘மேடே’ என்று மூன்று முறை. வெறும் பழுது என்றால் ‘பான் பான்’ மூன்று முறை. பிறகு படகின் பெயர், ஜி.பி.எஸ். காட்டும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். பேசி முடித்ததும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். பதற்றத்தில் அழுத்தியபடியே இருந்தால் பதில் உங்களுக்குக் கேட்காது. பக்கத்துப் படகுகளும் அந்தச் சேனலில் பேச முடியாது.