பேறுகாலம் பார்க்கப் படிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

எங்கள் ஆச்சி ஊரில் பேறுகாலம் பார்த்தவர். நான் பிளஸ் டூ முடித்துவிட்டேன். மருத்துவச்சிக்கென்று தனிப் படிப்பு உண்டா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பிளஸ் டூ முடித்த கையோடு சேர்கிற மாதிரி நம் நாட்டில் இல்லை. முதலில் நர்ஸ் ஆக வேண்டும். ஏ.என்.எம். (துணை நர்ஸ் படிப்பு) 2 வருஷம், ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) 3, பி.எஸ்சி. நர்சிங் 4. வீடு வீடாக வருகிற நர்ஸம்மா வேலைதான் ஆசை என்றால் ஏ.என்.எம். போதும். பிரசவ அறைதான் உங்கள் இடம் என்றால் மற்ற இரண்டில் ஒன்றை எடுங்கள். 2018-ல் மத்திய அரசு நெறிமுறை வகுத்த 18 மாத மிட்வைஃபரி நர்ஸ் பிராக்டிஷனர் (பிரசவம் பார்க்கவே தனிப் பயிற்சி பெற்ற நர்ஸ்) பயிற்சிக்கு அந்த இரண்டுதான் செல்லும். 2 வருஷம் பிரசவம் பார்த்த அனுபவமும் கேட்பார்கள்.

பணம் கட்டுமுன் அந்தக் கல்லூரிக்குத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டுகிற ‘ஒரு வருஷ நர்சிங்’ சான்றிதழை அங்கே பதிய முடியாது. பதிவு இல்லையென்றால் அரசு நர்ஸ் வேலைக்கு மனுப்போடவே வழியில்லை.

ஜி.என்.எம். மாணவி நான். பார்ட்டோகிராப் (பிரசவம் எப்படி நகர்கிறது என்று புள்ளி வைத்துக் காட்டுகிற வரைபடத் தாள்) போட்டால் சீனியர் நர்ஸ் அக்காமார் திருப்பித் தருகிறார்கள். எங்கே தப்புகிறது?
– வாசகி, வள்ளியூர்

பெரும்பாலும் தொடக்கத்தில்தான். கர்ப்பப்பை வாய் 4 செ.மீ. திறந்த பிறகே கோடு தொடங்க வேண்டும், 3 செ.மீ.யிலேயே புள்ளி வைத்தால் நல்ல பிரசவமும் தாமதமாகத் தெரியும். முதல் புள்ளி அலர்ட் (எச்சரிக்கை) கோட்டின் மேலேயே விழ வேண்டும். அந்தக் கோடு மணிக்கு 1 செ.மீ. ஏறும். காலை 10 மணிக்கு 5 செ.மீ. என்றால், உள்பரிசோதனை 4 மணி நேரம் கழித்து, மதியம் 2-க்கு. அப்போது 9 இருக்க வேண்டிய இடத்தில் 6 இருந்தால் புள்ளி கோட்டுக்கு வலப்பக்கம் போய்விடும், பிரசவம் தாமதமாகிறது என்று அர்த்தம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்போதே டாக்டரிடம் சொல்லி 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆக்‌ஷன் கோடு (உடனே நடவடிக்கை தேவைப்படும் எல்லை) அலர்ட் கோட்டிலிருந்து 4 மணி நேரம் தள்ளி இருப்பதே தாயைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்க்கத்தான். உங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

குழந்தையின் இதயத்துடிப்பு அரை மணிக்கொரு தரம். வலியை எண்ணும்போது வயிற்றில் கை வைத்து முழுசாக 10 நிமிஷம் உட்காருங்கள். 2 நிமிஷம் எண்ணி ஐந்தால் பெருக்குவதெல்லாம் கணக்கே இல்லை. கர்ப்பப்பை வாய் திறந்துகொண்டே வந்தும் குழந்தையின் தலை இறங்கவில்லையா? இடுப்பெலும்பு வழி போதாமல் இருக்கலாம், உடனே சொல்லிவிடுங்கள்.

பிரசவம் முடிந்தபின் உட்கார்ந்து நிரப்பிய தாளை அக்காமார் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லாப் புள்ளியும் கோட்டின் மேல் அழகாக உட்கார்ந்திருக்கும்.

குழந்தை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள் ஆக்சிடோசின் (கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் மருந்து) 10 யூனிட் தசையில் போட்டும் ரத்தம் நிற்காவிட்டால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?
– ஸ்டாஃப் நர்ஸ், களக்காடு

உதவிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டே கர்ப்பப்பையைத் தொட்டுப் பாருங்கள். தொளதொளவென்றிருந்தால் தேய்த்துவிட்டு, சிறுநீர்ப்பையைக் காலி செய்யுங்கள். அது நிறைந்திருந்தால் கர்ப்பப்பை சுருங்காது. கல்லு மாதிரி இருந்தும் ரத்தம் வந்தால் பிறப்பு வழியில் கிழிசலைத் தேடுங்கள். நஞ்சுக்கொடி முழுசாக வந்ததா என்றும் பாருங்கள். ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருந்ததா என்பதையும் விசாரியுங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் வைத்த ஆம்பியூலை (மருந்துக் கண்ணாடிக் குப்பியை) நம்ப வேண்டாம்.